அல்தமிரா ஓவியங்களை நம்ப மறுத்தவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

கேள்வி, பிப்ரவரி 8

"1879-ல் ஸ்பெயினில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி குகை ஓவியங்களைக் கண்டுபிடித்தாள். அப்பா அதை உலகத்துக்குச் சொன்னார். படித்த மேதாவிகள் அவரை மோசடிக்காரர் என்று தூற்றினார்கள். அவர் செத்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். நிபுணர்கள் எந்தக் காலத்திலும் இப்படித்தான். யாராவது மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 9, காலை

சிறுமி, அப்பா, அவமானம், மன்னிப்பு எல்லாம் நடந்ததுதான். கடைசி வரியோடுதான் எனக்குத் தகராறு. அன்றைக்குச் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டார். இன்னொருவர் போகாமலே சந்தேகப்பட்டார். மூன்றாமவருக்கு வேறு பகை இருந்தது. மூவரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கதை கேட்க நன்றாக இருக்கும், என்ன நடந்தது என்று மட்டும் தெரியாது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடகரையில் கந்தாப்ரியா பகுதி, அதில் சாந்தில்யானா தெல் மார் என்ற ஊர். 1868-ல் மொதெஸ்தோ குபிய்யாஸ் என்ற வேட்டைக்காரர் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்ட தன் நாயை மீட்கப்போய் ஒரு குகையைப் பார்த்தார், அதுதான் அல்தமிரா. ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்புப் பாறைப் பிரதேசம், அங்கே குகைக்கா பஞ்சம்? அந்தப் பக்கத்து நிலக்கிழார் மார்செலினோ சான்ஸ் தெ சவுத்துவோலா சில வருடம் கழித்து உள்ளே போனார். சுவரில் ஏதோ கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அதற்கு மேல் யோசிக்காமல் திரும்பிவிட்டார். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் கற்கருவிகளையும் உருவம் கீறிய எலும்புகளையும் பார்த்த பிறகுதான் அவருக்கு ஆசை பிடித்தது. அடுத்த வருடம் மகள் மரியாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குகைக்குள் தோண்ட ஆரம்பித்தார்.

தோண்டுகிறவர் கண் தரையில்தான் இருக்கும். கூரையும் தாழ்வு, பல இடங்களில் பெரியவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். குழந்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. அண்ணாந்து பார்த்து "அப்பா, மாடு!" என்று கத்தினாளாம். மாடு இல்லை, பைசன் என்கிற காட்டெருது. கூரை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாக.

பிப்ரவரி 9, இரவு

"ஆதாரம் கண்ணெதிரே இருக்கும்போது சந்தேகம் எதற்கு?" என்று மதியம் ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணெதிரே இருந்தது ஓவியம். அதன் வயது எங்கேயும் எழுதியிருக்கவில்லையே. சண்டை முழுவதும் அதைப் பற்றித்தான்.

1880-ல் சவுத்துவோலா ஒரு சிறு நூல் போட்டார். மாத்ரித் பேராசிரியர் ஹுவான் விலனோவா அவர் பக்கம் நின்று லிஸ்பன் மாநாட்டில் வாதாடினார். பிரெஞ்சு அறிஞர்கள் மசியவில்லை. 1881-ல் எதுவார் ஆர்லே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இது புதிது என்று எழுதினார். அவர் கண்ணில் பட்டவற்றைக் கேளுங்கள். துளி வெளிச்சம் வராத இடத்தில் அத்தனை வேலை நடந்திருக்கிறது, கூரையில் புகைக்கரி இல்லை. சாயம் ஈரமாக இருக்கிறது, தொட்டால் விரலில் வருகிறது. முதல் தடவை போனபோது சவுத்துவோலா இந்தக் கூரை ஓவியங்களைப் பற்றிப் பேசவே இல்லை, அடுத்த தடவை இருக்கின்றன. நடுவில் யாராவது வரைந்திருக்கலாமே?

போதாததற்கு, சவுத்துவோலாவின் ஆதரவில் வாய் பேச முடியாத ஒரு பிரெஞ்சு ஓவியர் இருந்தார். கூரையைப் பிரதி எடுக்க அவரைத்தான் குகைக்குள் அனுப்பியிருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

இதில் எதை முட்டாள்தனம் என்று சொல்வீர்கள்? ஒப்பிட்டுப் பார்க்க, எல்லாரும் ஒப்புக்கொண்ட வேறு குகை ஒன்றுகூட அப்போது கிடையாது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் தீர்ப்பைத் தள்ளிவைத்திருப்பேன்.

பிரெஞ்சுத் தொல்லியலாளர் கப்ரியேல் த மொர்த்தியே விஷயம் வேறு. அவர் தேவாலயத்தை ஜென்மப் பகையாக நினைத்தவர். தொல்மனிதனைப் பற்றி எழுதுகிறவர்களை ஏமாற்றிச் சிரிப்பாய்ச் சிரிக்கவைக்க ஸ்பெயின் பாதிரிகள் செய்த வேலை இது என்று எமில் கார்த்தாயக்கை எச்சரித்துக் கடிதம் எழுதினார். கார்த்தாயக் அந்தத் துறையில் பெரிய கை. அவர் குகையை எட்டிக்கூடப் பார்க்காமல் "சரிதான்" என்று விட்டுவிட்டார். அவர் இருந்த துலூஸ் நகரத்திலிருந்து சாந்தில்யானா ஒன்றும் உலகத்தின் மறுகோடி இல்லை. இருபது வருடத்துக்கு மேல் போகவே இல்லை மனிதர். கோபப்படுவதென்றால் இவர் மேல் படுங்கள், ஆர்லேயை விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 10, மதியம்

நான் படித்த ஆராய்ச்சியாளன் இல்லை. பிளெக்ஸ் வருகிற வரைக்கும் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன். அதனால் இந்தக் கூரையை நான் பார்ப்பது தொழில்காரன் கண்ணால்.

சுவரில் ஆள் உயர எழுத்து எழுதும்போது என்ன செய்வோம்? நூல் அடிப்போம், கட்டம் போடுவோம், ரெண்டு எழுத்து முடிந்ததும் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்போம். கிட்டே இருந்தால் எது கோணல் என்று தெரியாது. அல்தமிரா கூரையில் தள்ளிப் போய்ப் பார்க்க இடமே கிடையாது. இப்போது படத்தில் பார்க்கிற உயரம், பின்னாளில் தரையை வெட்டி இறக்கியதால் வந்தது. அங்கே இருக்கிற பெண்மான் ஒன்று இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். வரைந்தவரின் தலை அந்த மானின் வயிற்றுக்குக் கீழே இருந்திருந்தால், அதன் முகமும் வாலும் ஒரே சமயத்தில் கண்ணுக்குச் சிக்கியிருக்காது. ஆனாலும் உடம்புக்கும் காலுக்கும் அளவு பிசகவில்லை. கட்டம் போட்ட தடமும் இல்லை. அந்த மிருகம் கைக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும்.

கூரையில் வேலை செய்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் தாமரை போட்டேன். கழுத்து பிடித்துக்கொள்ளும். சாயம் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டும். மேஸ்திரி பூசி வழவழவென்று விட்டுப்போன தளம், அதற்கே அந்தப் பாடு. அல்தமிராவில் கூரை மேடும் பள்ளமுமாகப் புடைத்துக்கொண்டு இருக்கிறது. வரைந்தவர் அந்தப் புடைப்புகளையே பைசனின் உடம்பாக்கிவிட்டார். சுருண்டு கிடக்கிற பைசன்கள் இருக்கிற இடத்தைப் பாருங்கள், பாறையே அப்படித்தான் உருண்டிருக்கிறது. கல்லால் கீறி, கரியால் வரம்பு கட்டி, காவியை உள்ளே ஏற்றி, சில இடங்களில் சுரண்டி வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள். முதல் கை இப்படி வராது. தோலிலோ மண்ணிலோ மரத்திலோ எத்தனையோ போட்டுப் பழகிய கை என்பது என் அனுமானம். அவையெல்லாம் மக்கிப்போயிருக்கும்.

அன்றைய ஐரோப்பியருக்கு உள்ளூர உறுத்தியதும் இதுதான் என்று நினைக்கிறேன். மனிதன் படிப்படியாக ஏறி வந்து, உச்சியில் நாம் நிற்கிறோம் என்று நம்பிய காலம். கல்லைத் தட்டிக்கொண்டிருந்தவன் எலும்புத் துண்டில் கீறினான் என்றால் பொறுத்துக்கொண்டார்கள். அவன் தங்கள் அகாடமி ஓவியர்களுக்குச் சமமாக வரைந்தான் என்றால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 10, இரவு

"சாரம் கட்டினார்களா?" என்று கேட்டவருக்கு: அல்தமிராவில் தேவைப்படவில்லை. பிரான்ஸில் இருக்கும் லாஸ்கோ குகையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு கிளைப் பாதையின் சுவரில் உத்திரம் சொருகிய குழிகள் வரிசையாக இருக்கின்றன. முறுக்கிய கயிற்றின் அச்சு பதிந்த களிமண்ணும் அந்தக் குகையில் கிடைத்தது. சுமார் 17,000 வருடத்துக்கு முன்னால் சாரம் கட்டும் ஆள், கயிறு திரிக்கும் ஆள், விளக்குப் பிடிக்கும் ஆள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். கூலி யார் கொடுத்தார்கள் என்பதுதான் இன்னும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 12

அப்புறம் எப்படித்தான் நம்பினார்கள்? யாராவது இதைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன், விஷயமே இதில்தான் இருக்கிறது.

பிரான்ஸின் ஜிரோந்த் பகுதியில் பேர்-நோன்-பேர் என்று ஒரு குகை. ஃபிரான்சுவா தலோ 1881-லிருந்து அதைத் தோண்டிக்கொண்டிருந்தார். மண்ணை இறக்க இறக்கச் சுவரில் கீறல் உருவங்கள் வெளிப்பட்டன. தோண்டிய மண் அடுக்குகளில் பழைய கற்கருவிகள் இருந்தன. மண் அந்தக் கீறல்களை மூடிக்கொண்டிருந்தது என்றால், கீறியது மண் சேருவதற்கு முன்னால்தானே நடந்திருக்க முடியும்? திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பம்பை வைத்துத் தண்ணீர் பீச்சிச் சுவரைக் கழுவி அவர் உருவங்களைத் துலக்கினார். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

1895-ல் தோர்தோன்யில் லா மூத் குகை. பண்டைய மண் அடைத்துக்கொண்டிருந்த வழியைத் திறந்த பிறகுதான் உள்ளே ஓவியங்களைப் பார்க்க முடிந்தது. அதை எமில் ரிவியேர் ஆராய்ந்தார். உள்ளே போகவே முடியாத குகைக்குள் நேற்று ஒருவன் போய் எப்படி வரைவான்? 1901 செப்டம்பரில் கொம்பரெல், ஃபோன்-த-கோம் என்று அடுத்தடுத்து இரண்டு குகைகள் வெளிவந்தன. பார்த்தவர்களில் ஒருவர் இளம் பாதிரியார் ஆன்ரி ப்ரேய்.

அடுத்த வருடம் கார்த்தாயக் தன் பழைய நிலையைக் கைவிட்டு, தலைப்பிலேயே 'என் பிழை' என்று ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். ப்ரேயைக் கூட்டிக்கொண்டு அல்தமிராவுக்கும் போனார். சவுத்துவோலா 1888-லேயே காலமாகிவிட்டார், விலனோவா 1893-ல். மரியாதான் இருந்தாள். அவள் போத்தீன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், சாந்தாந்தர் வங்கியின் தலைவர்களாக வந்தார்களே, அதே குடும்பம். கூரையைப் பார்த்துக் கத்திய குழந்தை வங்கிக் குடும்பத்துப் பாட்டியாகிவிட்டாள்.

ஆகவே அழகு பார்த்து யாரும் மனம் மாறவில்லை. மேலே கிடந்த மண் மாற்றியது.

பிப்ரவரி 13

புகைக்கரி என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். 1899-ல் அதே லா மூத்தில் ஒரு கல் விளக்கு கிடைத்தது, அடிப்பக்கத்தில் மலையாட்டு உருவம் கீறியது. கொழுப்பு ஊற்றித் திரி போட்டு எரிக்கிற அகல். எலும்பு மஜ்ஜையும் நல்ல கொழுப்பும் எரித்தால் தீப்பந்தம் மாதிரி கரி கக்காது. ஆர்லேயின் முதல் ஆட்சேபம் அதோடு போயிற்று.

ஈரச் சாயத்துக்கு விடை இன்னும் வேடிக்கை. 1902-ல் ப்ரேய் அந்தக் கூரைக்குக் கீழே மூட்டைகள் மேல் மல்லாந்து படுத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிரதி எடுத்தார். தாளை ஒற்றி எடுத்தால் சாயம் கையோடு வந்துவிடும் என்று கண்ணால் பார்த்தே வரைந்தார். அந்த ஈரத்தில் நீர்வண்ணம் காயாது என்பதால் பேஸ்டல் குச்சிகள். ஆர்லேக்கு 'நேற்றுப் போட்டது' என்று தோன்றவைத்த அதே ஈரம்தான். உண்மையில் அது குகையின் ஈரம். பழங்காலத்திலேயே வாசல் பாறை சரிந்து மூடிக்கொண்டதால் உள்ளே காற்றும் வெப்பமும் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது.

பிப்ரவரி 15

"கண்டுபிடித்தது மரியாவா, வேட்டைக்காரரா, நாயா?" நல்ல கேள்வி. இன்னும் பின்னால் போகலாம்.

பிரான்ஸின் பைரெனீஸ் மலையடிவாரத்தில் நியோ குகை. உள்ளே நெடுந்தூரம் நடந்தால் பைசன்கள் வரைந்த பெரிய கூடம் வருகிறது. அதன் சுவரில் ரூபன் த லா வியால் என்று ஒருவர் தன் பெயரையும் 1660 என்ற வருடத்தையும் எழுதிவைத்திருக்கிறார். பைசன் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. தனக்கு முன்னால் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தானும் கிறுக்கியிருப்பார். 1864-ல் ஃபெலிக்ஸ் காரிகு என்ற ஆராய்ச்சியாளர் அதே இடத்துக்கு வந்தார். சுவரில் படங்கள் இருக்கின்றன, என்னவாக இருக்கும் என்கிற மாதிரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அல்தமிராவுக்குப் பதினைந்து வருடம் முன்னால்!

அதே பிரான்ஸில் ரூஃபின்யாக் குகையின் ஓவியங்களைப் பற்றி 1575-லேயே அச்சில் வந்துவிட்டது. அங்கே இருக்கிற மாமூத் யானைகள் பழங்காலத்தவை என்று 1956-ல் அறிவித்தபோது, 'நாங்கள் போனபோது அதெல்லாம் இல்லை, யாரோ புதிதாகப் போட்டது' என்று மறுபடியும் ஒரு சண்டை நடந்தது. அல்தமிராவில் பட்டுத் தெளிந்த நாடு அது.

பிப்ரவரி 16

நம் நாட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. ஆர்ச்சிபால்ட் கார்லைல், அலெக்சாண்டர் கன்னிங்ஹாமின் கீழ் இந்தியத் தொல்லியல் துறையில் வேலை பார்த்தவர். 1867-68-ல் மிர்சாப்பூர் பக்கம் கைமூர் மலைகளில், சோஹாகிகாட் என்ற இடத்துப் பாறை ஒதுக்கிடங்களில் ஓவியங்களைப் பார்த்தார். அதே இடங்களின் தரையில் நுண்கற்கருவிகளும், தேய்த்துத் தேய்த்து மழுங்கிய காவிக்கட்டிகளும் கிடைத்தன. வரைந்த பென்சிலே பக்கத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஓவியங்கள் மிகப் பழையவை என்று யோசித்தவர் அவர். சவுத்துவோலாவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் முந்தி.

ஆனால் அச்சில் போடவில்லை. குறிப்புகள் ஒரு நண்பர் கையில் தங்கிவிட்டன. வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித் அவற்றை வெளியிட்டது 1906-ல். இதற்கு நடுவில், 1883-லேயே ஜான் காக்பர்ன் மிர்சாப்பூர் பாறையில் இருக்கும் காண்டாமிருக வேட்டை ஓவியத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

மேலே நான் கார்த்தாயக்கைத் திட்டினேன். இப்போது யோசித்தால், திட்டு வாங்கினாலும் சவுத்துவோலா சிறு நூலாவது போட்டார். திட்ட ஆள் இருந்ததால்தான் 1902-ல் திரும்பிப் பார்க்க ஒரு பெயர் இருந்தது. கார்லைலை யாரும் மறுக்கவே இல்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 17

பீம்பேட்கா பாறை ஓவியங்களைக் கேட்டவர்களுக்கு. போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். 1957-ல் தொல்லியலாளர் வி.எஸ். வாகன்கர் ரயிலில் போகும்போது தூரத்தில் தெரிந்த பாறைகளின் அமைப்பைப் பார்த்து இறங்கிப் போனார் என்பது பிரபலமான கதை. யுனெஸ்கோ பட்டியலில் 2003-ல் சேர்ந்தது. நானும் போயிருக்கிறேன். 'விலங்குப் பாறை' என்று ஒன்று, யானை, மான், காட்டெருது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியிருக்கும். எந்தக் கோடு எதற்கு மேலே போகிறது என்று பார்ப்பதிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது. கூட வந்தவர்கள் வெறுத்துப்போய்ச் சாப்பிடப் போய்விட்டார்கள். பழைய விளம்பரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துப் புது விளம்பரம் எழுதுகிறோமே, அந்தச் சங்கடம் அவர்களுக்கு இல்லை. பழசை அழிக்காமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். அழிக்கக்கூடாது என்று இருந்ததா, அல்லது அந்த இடத்துக்கே மதிப்பா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு கூத்து. 2021-ல் சில புவியியல் அறிஞர்கள், பீம்பேட்காவின் 'அரங்கக் குகை' கூரையில் டிக்கின்சோனியா என்ற 55 கோடி வருடத்து உயிரினத்தின் புதைபடிவம் இருக்கிறது என்று கட்டுரை போட்டார்கள். உலகச் செய்தியாகிவிட்டது. வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்து, அது பாறையில் ஒட்டிக் காய்ந்துபோன மலைத்தேன் கூட்டின் மிச்சம் என்று 2023-ல் எழுதியது. முதலில் சொன்னவரும் ஒப்புக்கொண்டார். மத்திய இந்தியப் பாறை ஓவியங்களில் தேன் எடுக்கிற காட்சியே உண்டு. அதை வரைந்தவர் யாராவது அன்றைக்குக் கூட இருந்திருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 20

"இப்போதுதான் கார்பன் சோதனை இருக்கிறதே, இன்னும் என்ன மண்ணும் மட்டையும்?" இதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும்.

கார்பன் சோதனைக்குக் கார்பன் வேண்டும். கறுப்பு நிறம் அடுப்புக்கரியாக இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதிக்கலாம். 1994 டிசம்பரில் கிடைத்த ஷோவே குகையின் சிங்கங்களும் காண்டாமிருகங்களும் முப்பதாயிரம் வருடத்தைத் தாண்டியவை என்று அப்படித்தான் தெரிந்தது. ஆனால் லாஸ்கோவின் கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசுக் கல், கரி இல்லை. காவி என்பது இரும்புத் துரு. அதற்குள் எவ்வளவு தேடினாலும் வயது கிடைக்காது.

அதனால் திரும்பவும் பழைய வழிதான், மேலே என்ன படிந்திருக்கிறது என்று பார்ப்பது. இந்தத் தடவை மண்ணுக்குப் பதிலாகச் சுண்ணாம்புப் படிவு. வெந்நீர் அண்டாவில் உட்புறம் வெள்ளையாகப் பற்றிக்கொள்கிறதே, அதே சமாச்சாரம் குகைச் சுவரில் வழிகிற நீரிலிருந்து ஓவியத்தின் மேல் படிகிறது. யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் கரையாது. புதிதாகப் படிகிற சுண்ணாம்பில் யுரேனியம் மட்டும் இருக்கும், காலம் போகப்போக அது சிதைந்து தோரியம் சேரும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிவின் வயது. ஓவியம் அதைவிடப் பழையது, எவ்வளவு பழையது என்று தெரியாது. அல்தமிராவிலேயே ஒரு சிவப்புக் குறியின் மேல் இருந்த படிவு 35,600 வருடமாவது ஆகியிருக்கும் என்று 2012-ல் சொன்னார்கள். பைசன்கள் அதற்கு வெகு பின்னால் வந்தவை. கூரையில் பல ஆயிரம் வருட இடைவெளியில் மாறி மாறி வேலை நடந்திருக்கிறது.

இதே முறை ஐரோப்பியரின் பெருமையில் கையை வைத்தது இந்தோனேசியாவில். சுலவேசித் தீவின் கை அச்சுகளை 1950-லேயே பார்த்துவிட்டார்கள். வெப்பமண்டல மழையில் பாறை இவ்வளவு அரிக்கிறதே, பத்தாயிரம் வருடத்துக்கு மேல் தாங்காது என்று ஒதுக்கிவைத்தார்கள். 2014-ல் மேல்படிவைச் சோதித்தால் ஒரு கை அச்சுக்குக் குறைந்தது 39,900 வருடம். 2024-ல் வெளியான ஆய்வில், பன்றியும் மனித உருவங்களும் சேர்ந்த ஒரு காட்சிக்குக் குறைந்தது 51,200. 'கலை ஐரோப்பாவில் பிறந்தது' என்று யாராவது இன்னும் பாடப்புத்தகத்தில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

பிப்ரவரி 21

தமிழ்நாட்டில் இல்லையா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை, நீலகிரியின் கரிக்கியூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லப்பாடி. கீழ்வாலையில் குதிரை மேல் ஆள் இருக்கிறது, ஆகவே பனிக்கால ஐரோப்பாவோடு வயதில் போட்டி போட வேண்டாம். திறந்த பாறை, மேலே படிவும் இல்லை, ஆகவே துல்லிய வயதும் இல்லை.

அங்கே நான் பார்த்த ஒன்று. ஒருவர் படம் பிடிக்க எடுப்பாக இருக்கட்டும் என்று பாட்டில் தண்ணீரை ஓவியத்தின் மேல் ஊற்றப்போனார். தடுத்ததும் கோபம் வந்துவிட்டது. "தண்ணிதானே சார்!" ஈரம் பட்டால் நிறம் பளிச்சென்று வரும், வாஸ்தவம். காயும்போது கல்லுக்குள் இருக்கிற உப்பை மேலே இழுத்துக்கொண்டு வந்து வெள்ளைப் படலமாக விட்டுவிடும். பழைய சுவரில் ஓதம் ஏறினால் எனாமல் எப்படிக் கழன்று விழும் என்று என்னைக் கேளுங்கள்.

பிப்ரவரி 27

"எதற்காக வரைந்தார்கள்?" வேட்டை பலிக்க மந்திரம் என்பது ப்ரேய் காலத்து விளக்கம். எனக்கு அது ஒட்டவில்லை. லாஸ்கோவில் தின்றுபோட்ட எலும்பெல்லாம் கிட்டத்தட்ட பனிமான் எலும்பு. சுவரில் இருக்கிற நூற்றுக்கணக்கான மிருகங்களில் பனிமான் ஒன்றே ஒன்று. குதிரையும் காட்டு மாடும்தான் கூட்டம் கூட்டமாக. தினம் சோறு தின்கிறோம், யாராவது சோற்றைப் படம் வரைந்து மாட்டுகிறோமா? ஆண் பெண் என இணை பிரித்து அடுக்கியிருக்கிறார்கள் என்று பிறகு ஒருவர் சொன்னார், மயக்கநிலையில் கண்ட காட்சி என்று இன்னொருவர். ஒரே விடை இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. அல்தமிராவின் சிவப்புக் குறிக்கும் பைசனுக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் வருடம்! அத்தனை காலமும் ஒரே காரணத்துக்காகவா குகைக்குள் போயிருப்பார்கள்?

மார்ச் 2

நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. லாஸ்கோவை 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஐம்பதுகளில் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் கூட்டம். மூச்சுக்காற்றும் வெப்பமும் விளக்கும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்தது, 1963-ல் மூடினார்கள். அல்தமிராவை 1977-ல் மூடி, 1982-ல் குறைந்த அளவில் திறந்து, 2002-ல் மறுபடி மூடி, 2014-லிருந்து வாரத்துக்கு ஐந்து பேர் என்று குலுக்கலில் விட்டார்கள். மற்றவர்களுக்குப் பக்கத்தில் நகல் குகை.

நகல் என்றால் மட்டமாக நினைக்க வேண்டாம். அல்தமிரா நகலைச் செய்த பெத்ரோ சவுரா, மத்தில்தே மூஸ்கிஸ் இருவரும் நுண்கலைப் பேராசிரியர்கள். கரி, காவி, தண்ணீர் என்று பழைய சரக்கையே கையில் எடுத்து வேலை செய்தார்கள். அந்த அனுபவத்தில், பைசன் கூட்டம் ஒரே ஆளின் கைவேலை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு கை இன்னொரு கையைப் பின்பற்றி வரைந்தால்தான் இதெல்லாம் தெரியும். எங்கள் ஊரில் எந்தச் சுவர் எந்தப் பெயின்டர் எழுதியது என்று 'ழ' சுழிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவோம், அதனால் இதை நம்புகிறேன்.

மார்ச் 9

நமக்கு முன்பே ஐரோப்பாவில் வாழ்ந்து மறைந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் வரைந்தார்களா என்ற கேள்வி எப்படியும் வரும் என்று தெரியும், வந்துவிட்டது. ஸ்பெயினின் லா பசியேகா குகையில் ஏணி மாதிரியான சிவப்புக் குறி ஒன்றின் மேல் படிவு குறைந்தது 64,800 வருடம் என்று 2018-ல் அறிவித்தார்கள். நம் இனம் அந்தப் பக்கம் வந்துசேர்வதற்கு இருபதாயிரம் வருடத்துக்கு மேல் முந்தி. அப்படியென்றால் வரைந்தது நியாண்டர்தால்.

மறுப்பவர்கள் சொல்வது: படிவின் வழியே தண்ணீர் ஓடி யுரேனியத்தைக் கரைத்து எடுத்துப் போயிருந்தால், தோரியம் அதிகமாக இருப்பது போலத் தெரியும், வயதும் கூடிப்போகும். ஆதரிப்பவர்களின் பதில்: வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காகச் சுரண்டிச் சோதித்தோம், உள்ளே போகப்போக வயது ஏறுகிறது, யுரேனியம் கசிந்திருந்தால் இந்த வரிசை குலைந்திருக்கும். பதில் பலமாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் மற்ற ஓவியங்களின் வயதைவிட இது வெகு முன்னால் போய் நிற்பதுதான் எனக்கு இடிக்கிறது.

யுரேனியத்தின் இன்னொரு வாரிசான புரோட்டாக்டினியத்தை வைத்தும் அதே மாதிரிப் படிவைச் சரிபார்க்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் நான் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். அதுவரைக்கும் என்னை ஆர்லே கட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், கார்த்தாயக் கட்சி என்று மட்டும் சொல்லாதீர்கள்.